புளோவர் நின்றால் முதலில் என்ன பார்ப்பது?

(மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்துச் சிலாவத்துறையில், வாகனச் சாரதிகளும் மோட்டர் தொழில் பயிலும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அரிப்பு முதல் மறிச்சுக்கட்டி வரை முசலியின் எல்லா ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் சாரதிமார்களே, மோட்டர் தொழில் படிக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே!

எனக்குத் தரப்பட்ட பொருள் காரின் ஹீற்றர் புளோவர். அது நின்றுபோனால் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன். அறிவித்தலைப் பார்த்த ஒரு பெரியவர், "முசலி வெயிலுக்கு ஹீற்றர் எதுக்கு மகன்?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

உங்கள் காரில் ஹீற்றருக்கு ஒரு விசிறி, ஏசிக்கு ஒரு விசிறி என்று இரண்டு கிடையாது. டாஷ்போர்டுக்குள் இருப்பது ஒரே விசிறி. என்ஜினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர் ஓடுகிற சிறு றேடியேற்றர் ஒன்று, ஏசியின் குளிர்ச் சுருள் ஒன்று, இரண்டுக்கும் காற்றை ஊதுவது அதுதான். பின்பக்கத்துக்குத் தனி ஏசி வைத்த பெரிய வான்களில் மட்டும் இன்னொன்று கூடுதலாக இருக்கும். ஆகவே ஹீற்றர் புளோவர் நின்றது என்றால் ஏசியும் நின்றது என்று அர்த்தம். கொம்பிரசர் ஓடினாலும் குளிர் உங்களிடம் வந்து சேராது. குளிர்ச் சுருளில் பனி கட்டும். பல கார்களில் புளோவர் ஓடாவிட்டால் கொம்பிரசரே இயங்காதபடி செய்திருக்கிறார்கள்.

ஏசி இல்லாமல் யன்னலைத் திறந்துவிட்டு ஓடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் யன்னலைத் திறக்க முடியுமா? நனைந்த சட்டையோடு பிள்ளைகள் நிறையப் பேர் ஏறிய பள்ளிக்கூட வானை நினைத்துப் பாருங்கள். அவர்களின் மூச்சும் உடுப்பின் ஈரமும் சேர்ந்து முன்கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். சாரதி ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டு மறு கையால் ஸ்ரியறிங்கைப் பிடிக்கிறார். மாடுகள் இரவில் படுத்துக் கிடக்கிற றோட்டு நம்முடையது. அந்தப் புகைச்சலைப் போக்கச் சிறந்த வழி, ஏசியில் ஈரம் நீங்கிய காற்றைக் கண்ணாடிக்கு ஊதுவது. அதுவும் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் நிலையில் வைத்து ஊத வேண்டும். இந்த ஒன்றுக்காகவே புளோவரை பிறேக்குக்கு அடுத்த இடத்தில் வைத்து மதிக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. வெயில் நேரத்தில் சுமையோடு வரும்போது என்ஜின் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, புளோவரைக் கடைசி வேகத்தில் விடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்க்கும். ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்தச் சிறு றேடியேற்றர் வழியாக வெளியேறும், நிழல் கண்டு நிறுத்தும் வரைக்கும் அது கைகொடுக்கும். தண்ணீர் ஒழுகிப் போயிருந்தால் இது பலிக்காது, உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். ஒழுகுகிறது என்று ஹீற்றர் குழாயை அடைத்துவிட்ட வான்களிலும் பலிக்காது. அப்படி அடைத்த வான்கள் நம் பகுதியில் நிறைய.

சரி, புளோவர் நின்றுவிட்டது. வழக்கமாக என்ன நடக்கிறது? "மோட்டர் போயிற்று" என்று ஒருவர் சொல்வார். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி ஒரு பழைய மோட்டர் எடுப்பிக்கிறோம். அதைப் பூட்டியும் சுற்றாவிட்டால் சுவிச்சை மாற்றுகிறோம். அதுவும் சரிவராவிட்டால், "டிரெக்ட் குடுத்து விடு" என்கிறோம். அதாவது நடுவில் இருக்கிற எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு, பற்றரியிலிருந்து நேரே மோட்டருக்கு ஒரு வயர். நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது இந்த டிரெக்ட் வயருக்கு எதிராகத்தான். அதற்கு முன், அந்த வயர் தேவைப்படாதபடி பழுதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் கமம் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தேக்கம் அணைக்கட்டிலிருந்து அகத்திமுறிப்புக் குளத்துக்குத் தண்ணீர் வருகிறது, அங்கிருந்து வாய்க்கால் வழியாக வயலுக்கு வருகிறது. கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கமக்காரர் வயலை மாற்றுவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, எதுவரை தண்ணீர் வந்திருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்று பார்க்கிறார். மின்சாரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அதன் பாதையைச் சொல்கிறேன். பற்றரியிலிருந்து பியூஸ். புளோவருக்குப் பெரும்பாலும் 30 அல்லது 40 அம்பியர் பியூஸ் இருக்கும். அங்கிருந்து ரிலே. ரிலேயிலிருந்து மோட்டர். பல ஜப்பான் கார்களில் மோட்டரைத் தாண்டிய பிறகுதான் ரெசிஸ்டரும் வேகச் சுவிச்சும் வருகின்றன, கடைசியில் எர்த். சுவிச் எர்த் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தம்பிமார் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியான காரில் சுவிச்சை நிறுத்தினாலும் மோட்டரின் ஒரு முனையில் 12 வோல்ற் நிற்கும். அதைக் கண்டு மயங்கி மோட்டர்மேல் பழி போடக் கூடாது.

சாவியைத் திருகு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த வேகத்தில் நின்றது? ஒன்று, இரண்டு, மூன்று வேலை செய்யவில்லை, நான்காவது மட்டும் வேலை செய்கிறது என்றால் பாதிப் பழுதைச் சாரதியே சொல்லிவிட்டார். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் சுருள் வழியாகப் போகிறது. கடைசி வேகத்துக்கு அதைத் தொடாமல் நேரே போகிறது. ஆகவே மோட்டர் நல்லது, பியூஸ் நல்லது, ரெசிஸ்டர்தான் அறுந்திருக்கிறது. எந்த வேகத்திலும் இல்லை என்றால் பியூஸ், ரிலே, மோட்டர், சுவிச், எர்த் இவற்றில் ஒன்று. பள்ளத்தில் விழும்போது ஓடி, பிறகு நின்றுபோனால் மோட்டருக்குள் இருக்கும் கரித் துண்டு, அதாவது பிறஷ், தேய்ந்திருக்கலாம், அல்லது பிளக் தளர்ந்திருக்கலாம். நிற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே கீச்சென்ற சத்தமோ பிளாஸ்டிக் கருகும் மணமோ வந்ததா என்றும் கேளுங்கள்.

நம் நாட்டுக் கார்களில் ஸ்ரியறிங் வலப்பக்கம் என்பதால், புளோவர் பெரும்பாலும் இடப்பக்க ஆசனத்துக்கு முன்னால், டாஷ்போர்டின் சின்னப் பெட்டிக்குக் கீழே இருக்கும். சுவிச்சைக் கடைசி வேகத்தில் வைத்து, ஸ்குறூ டிரைவரின் பிடியால் மோட்டர் கூட்டை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் சுற்றினால் தேய்ந்த பிறஷ் அல்லது அச்சைத் தாங்கும் புஷ் இறுகியதுதான் காரணம். தட்டி ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், அந்த மோட்டரின் காலம் முடிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதே இடத்தில்தான் பயணியின் எயார்பேக் வயரும் போகிறது. மஞ்சள் நிற உறை, மஞ்சள் பிளக். அதில் எந்தக் கருவியையும் வைக்காதீர்கள்.

மோட்டர் தட்டலுக்கும் அசையவில்லை என்றால் அதன் இரண்டு கம்பிப் பிளக்கைக் கழற்றுங்கள். இங்கேதான் நம் கராஜ்களில் பெரும்பாலான பிழை நடக்கிறது. பிளக்கில் மீற்றரை வைத்துப் பார்க்கிறார்கள், 12 வோல்ற் காட்டுகிறது. "கரண்ட் வருது, மோட்டர்தான் பழுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். டிஜிற்றல் மீற்றர் தன் வழியாக ஏறக்குறைய மின்சாரமே ஓட விடாது. வயருக்குள் நூற்றில் ஒரு இழை மட்டும் மிச்சம் இருந்தாலும், பிளக்கில் களிம்பு முழுக்கப் படர்ந்திருந்தாலும் அது 12 என்றுதான் காட்டும். மோட்டர் கேட்பது 15, 20 அம்பியர். அதை அந்த இழை தருமா என்பதை மீற்றர் சொல்லாது.

ஆகவே மீற்றருக்குப் பதில் பழைய முன்விளக்கு மின்குமிழ் ஒன்றை எடுங்கள். 55 வாட் மின்குமிழ், நாலரை அம்பியர் அளவு இழுக்கும். இரண்டு வயரை ஒட்டி, கழற்றிய பிளக்கில் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் பாதை நல்லது, மோட்டர்தான் பழுது. மங்கலாக எரிந்தால் அல்லது எரியாவிட்டால் மோட்டரைத் தொடாதீர்கள். மின்குமிழின் ஒரு காலைப் பற்றரியின் எர்த்தில் வைத்து மற்றதை வரும் வயரில் வையுங்கள். எரிந்தால் வரும் பக்கம் சரி, போகும் பக்கத்தில் கோளாறு. எரியாவிட்டால் ரிலேக்கும் பியூஸுக்கும் திரும்பி நடங்கள். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஒட்டோமற்றிக் ஏசி உள்ள கார்களில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே ரெசிஸ்டருக்குப் பதில் எலெக்ட்ரோனிக் பெட்டி இருக்கிறது. அதன் மெல்லிய கட்டளை வயரில் மின்குமிழை வைத்தால் அந்தப் பெட்டியே போய்விடும். அங்கே மீற்றரைத்தான் வைக்க வேண்டும்.

பிளக்கில் படரும் களிம்பைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், நாம் வாழ்வது கடல் ஓரம். சோளகக் காற்று எவ்வளவு வலுவானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலையைத் திறந்தார்கள். அதே காற்று உப்பையும் மணலையும் நம் வாகனத்துக்குள் கொண்டுவருகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கம்பிவலை வழியாக வெளிக்காற்று நேரே புளோவருக்குத்தான் போகிறது. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் இலையும் அதே வழியாகப் போகும். அரிப்பிலும் கொக்குப்படையானிலும் மீன் ஏற்றும் வான்களில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரையில் ஊறி, எர்த் கம்பி பூட்டிய ஆணி துருப்பிடிக்கிறது.

அதன் விளைவை ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஜோர்ஜ் ஓம் 1827-இல் எழுதி வைத்த விதிதான், பள்ளிக்கூடத்தில் படித்தது. பிளக்கின் களிம்பு ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடையைத் தருகிறது என்று வையுங்கள். மோட்டர் 20 அம்பியர் இழுக்கிறது. அந்தப் பிளக்கில் 2 வோல்ற் காணாமல் போகும், விசிறி மெதுவாகும். காணாமல் போன 2 வோல்ற்றை 20 அம்பியரால் பெருக்கினால் 40 வாட். அந்த 40 வாட்டும் விரல்நுனி அளவுப் பிளாஸ்டிக் பிளக்குக்குள் சூடாக இறங்குகிறது. கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் பிளக் தேநீர் நிறமாகி, ஒரு துளை மட்டும் உருகி நீண்டு, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு ஊதா நிறமாகியிருக்கும். அதற்குப் புது ரெசிஸ்டர் போட்டுப் பயனில்லை. பிளக்கையும் வயரின் கருகிய முனையையும் வெட்டி எறிந்து புதிதாகப் போட வேண்டும்.

ரெசிஸ்டரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வேலை செய்யும்போது சூடாகும் பொருள். அதனால்தான் புளோவர் ஊதும் காற்றுப் பாதைக்குள்ளேயே அதை வைத்திருக்கிறார்கள், விசிறியின் காற்றே அதைக் குளிர வைக்கிறது. கொண்டச்சிப் பக்கத்துச் செம்மண் தூசியில் ஓடிய காரின் கபின் பில்ரரைக் கழற்றிப் பாருங்கள், அடைபட்டுக் கிடக்கும். காற்று குறைகிறது, ரெசிஸ்டர் குளிரவில்லை. அல்லது மோட்டரின் புஷ் உப்பில் இறுகி மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றும் மோட்டர் கூடுதலாக மின்சாரம் இழுக்கும், ரெசிஸ்டர் இன்னும் சூடேறும். இப்படி அளவு மீறிச் சூடேறினால் அறுந்துபோவதற்கென்றே ரெசிஸ்டரில் சிறிய வெப்பப் பியூஸ் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அது அறுந்தால் குறைந்த வேகங்களில் விசிறி நிற்கிறது, தீ வராமல் காக்கப்படுகிறது. அறுந்தது அதன் கடமை. ஏன் அறுந்தது என்பதுதான் நாம் தேட வேண்டியது. ஆகவே ஒரே காரில் ரெசிஸ்டர் இரண்டாம் முறை போனால் மூன்றாவது ரெசிஸ்டர் வாங்காதீர்கள். பில்ரரைப் பாருங்கள், விசிறிக் கூட்டுக்குள் இலை சிக்கியிருக்கிறதா பாருங்கள், மோட்டரின் அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள், கிளாம்ப் மீற்றர் இருந்தால் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று அளந்து பாருங்கள்.

இப்போது டிரெக்ட் வயருக்கும் அதைப் போன்ற குறுக்கு வழிகளுக்கும் வருகிறேன். அந்த வெப்பப் பியூஸ் இருந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டிவிடுவதும், 30 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று வெள்ளித் தாள் சுற்றிச் செருகுவதும் நம் பகுதியில் நடக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறார்கள். இதே மாதிரியான காரியத்தால் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

வொக்ஸ்ஹோல் நிறுவனத்தின் சஃபீரா-பி என்ற குடும்பக் கார், ஏழு பேர் போகக்கூடியது. 2015-இல் இந்தக் கார்கள் ஓடும்போதே டாஷ்போர்டுக்குள்ளிருந்து தீப்பற்றிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிள்ளைகளோடு பயணம் செய்த தாய்மார் காரிலிருந்து இறங்கி ஓடிய கதைகள் பத்திரிகைகளில் வந்தன. தீ தொடங்கிய இடம் ஹீற்றர் புளோவர். அதன் ரெசிஸ்டரிலிருந்த வெப்பப் பியூஸை யாரோ முறைகேடாகத் திருத்தியிருக்கிறார்கள் என்று நிறுவனம் சொன்னது. அந்த டிசம்பரில் இரண்டு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. திருத்திக் கொடுத்த பிறகும் சில கார்களில் தீ வந்தது. 2016 மே மாதத்தில் இரண்டாம் முறை அழைக்க வேண்டியதாயிற்று. ஈரம் பட்டு மோட்டர் அரித்துப்போவதும் சூட்டுக்குக் காரணம் என்று அப்போதுதான் கணக்கில் எடுத்தார்கள். 2017-இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு இதை விசாரித்து, நிறுவனம் மிக மெதுவாக நடந்துகொண்டது என்று கண்டித்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூவும், ஹீற்றர்-ஏசிப் பகுதியின் வயரும் பிளக்கும் அளவு மீறிச் சூடாகலாம் என்று, 2006 முதல் 2011 வரையிலான 3 சீரிஸ் கார்களை இலட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது.

நான் யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே ஈரம் மோட்டரை அரித்தது. இங்கே ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. அங்கே நிறுவனம் கடிதம் போட்டுக் காரை அழைத்தது. நமக்கு அப்படி யார் கடிதம் போடுவார்கள்? ஜப்பானில் ஒருவர் ஓட்டி, ஏலத்தில் போய், கப்பலில் வந்து, இங்கே இரண்டு மூன்று கை மாறிய வாகனம் நம்முடையது. உங்கள் வாகனத்தை நீங்கள்தான் பரிசோதிக்க வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் புதிதாக வாங்க வழியில்லாமல், இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். திறந்த பிறகும் விலை நம் கைக்கு எட்டவில்லை. அந்தப் பழைய வாகனங்களில் நாம் போகும் தூரமும் சிறிதல்ல. 1990 ஒக்ரோபரில் முசலியின் முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்து திரும்பிய பிறகும் பல குடும்பங்களுக்குப் புத்தளத்தில் ஒரு வீடும் இங்கே ஒரு வீடுமாகவே வாழ்க்கை போகிறது. அனுராதபுரம் சுற்றி வரும் அந்த நீண்ட பயணத்தில், பிள்ளைகளும் வயதானவர்களும் கண் அயர்ந்து கிடக்கிற இருபது வயது வானின் டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ ஒட்டிய செம்புக் கம்பி இருக்கிறதா என்பது எனக்குச் சாதாரண விடயமாகத் தெரியவில்லை.

பழைய மோட்டர் வாங்குவது தவறில்லை. நல்லதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். அச்சைக் கையால் சுற்றுங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடக் கூடாது. பிளக் கால்கள் நிறம் மாறியிருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கடையிலேயே பற்றரியில் வைத்து ஓட விடச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று உங்கள் பழையதோடு ஒப்பிடுங்கள். மறுபக்கம் சுற்றும் மோட்டரைப் பூட்டினால் சத்தம் வரும், காற்று சரியாக வராது.

மோட்டர் தொழில் படிக்கும் தம்பிமார், தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுங்கள், அது வேலைக்குக் கதவு திறக்கும். ஆனால் பழுதை மாற்றுபவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பழுதைக் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. கண்டுபிடிப்பதற்குச் செலவு ஒரு பழைய மின்குமிழ், ஒரு மீற்றர், பொறுமையாகக் கேட்கும் நாலு கேள்வி. இதற்குக் கூலி கேட்க வெட்கப்படாதீர்கள். சாரதிமாரே, பொருள் எதுவும் மாற்றாமல் பழுதைச் சொன்ன தம்பிக்கு அந்தக் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

வாடை மழை தொடங்குமுன் ஒவ்வொருவரும் உங்கள் வாகனத்தின் கபின் பில்ரரைக் கழற்றித் தூசி தட்டுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். புளோவர் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். பியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் எழுதியிருக்கும் அம்பியர்தான் உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்காவது வெள்ளித் தாளோ டிரெக்ட் வயரோ கண்டால் அன்றைக்கே கழற்றி எறியுங்கள். பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர்கள் இதை நாளைக்குக் காலையில் பிள்ளைகளை ஏற்றுமுன் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.